ஜாடிக்குள் வெள்ளை வளையம்

மில்லர்புரத்தில் என் பக்கத்து வீட்டு டீச்சர் ஓய்வுபெற்றுப் பல வருஷங்கள் ஆகின்றன. பழைய வண்ணக் கண்ணாடி என்றால் எனக்குக் கிறுக்கு என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் காலை, சாண் உயரச் சிவப்புப் பூ ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தார். கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அவருடைய மாமனாருக்கு, ஊர் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர் கொடுத்துவிட்டுப் போனதாம்.

"இங்கிலாந்துச் சாமான்தானா, எந்தக் காலத்துதுன்னு பாத்துச் சொல்லுளா."

அவர் வைத்துவிட்டுப் போனதும் கவிழ்த்துப் பார்த்தேன். கண்ணாடியை ஊதிச் செய்தவர் கடைசியில் இரும்புக் கம்பியை உடைத்தெடுத்த வடு, அடியில் வழவழப்பான குழியாகத் தேய்க்கப்பட்டிருந்தது. அச்சில் வார்த்த கோடு எங்கும் இல்லை; கைவேலைதான். அடியிலிருந்த கீறல்கள் நாலா பக்கமும் ஓடின. பழசாகக் காட்ட உப்புத்தாளால் தேய்த்திருந்தால் ஒரே பக்கமாகப் போயிருக்கும்.

நிறத்தைத்தான் சரியாகப் பார்க்க முடியவில்லை. உள்ளே பாதி உயரத்தில் வளையமாகத் தொடங்கி அடிவரை வெள்ளைப் படிவு ஒட்டியிருந்தது. நம் ஊர் உப்புத் தண்ணீரின் வேலை. நான் சாகுபுரம் ரசாயனத் தொழிற்சாலை ஆய்வகத்தில் இருப்பவள். யோசிக்கவே இல்லை, வினிகரை ஊற்றினேன். நுரைத்துக் கரைந்தது.

வெயிலில் பிடித்தேன். தங்கம் சேர்த்துக் காய்ச்சிய சிவப்புக் கண்ணாடியில் வரும் இளஞ்சிவப்புச் சாயல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி, அநேகமாக இங்கிலாந்துதான். சந்தோஷமாகக் கொண்டுபோனேன்.

டீச்சர் வாங்கியதும் உள்ளேதான் பார்த்தார்.

"ஏளா, இதுல வெள்ளையா ஒரு வளையம் கிடந்துச்சே?"

"வினிகர் ஊத்திக் கழுவிட்டேன் டீச்சர்."

ஜாடிக்குள் விரல்விட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். அவருடைய ஒரே மகள் காமாலையில் இறந்துபோனது எனக்குத் தெரியும். நான் இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்பு நடந்தது.

"எம் மக ஊத்தின தண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்குப் பூ வச்சா. பூ அழுகிப்போச்சு, எடுத்துப் போட்டேன். தண்ணியக் கொட்ட மனசு வரல. அதுவா வத்துச்சு."

அவர் கையிலிருந்த ஜாடியையே பார்த்தேன்.

"தெரியாமத்தான செஞ்ச. நான் சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு, "சரி, எந்தக் காலத்துது?"

சொன்னேன். தலையாட்டினார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவரும் பழையபடிதான் பேசுகிறார், காப்பி தருகிறார். எனக்குத்தான் முடியவில்லை. ஆய்வகத்தில் குடுவைகளை அமிலம் விட்டுக் கழுவும்போது, வெள்ளைப் படிவு நுரைக்கத் தொடங்கியதும் கை நின்றுவிடுகிறது. யாரோ வைத்துவிட்டுப் போனதை அழிக்கிறேன் என்று தோன்றுகிறது. குழாயை மூடிவிடுகிறேன்.