மீனுக்காக அடைத்த மதகு

ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட டெல்டாவுக்கு வரும் கார்கள் கூடிவிட்டன. நல்ல பொழுதுபோக்கு, மனதுக்கு அமைதி என்று நான் வேலை பார்க்கும் பத்திரிகையே அரைப்பக்கம் படம் போட்டது. அந்த அமைதியை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நாகப்பட்டினம் பக்கம், வாய்க்காலின் கடைமடையில் எங்கள் நிலம். அண்ணன் துபாயில், விவசாயம் முழுக்க அண்ணியின் பொறுப்பு. முறைத்தண்ணீர் எங்களுக்கு ஞாயிறு பகலில் மட்டும். ஒரு சனிக்கிழமை அண்ணி முளைகட்டிய விதையை நாற்றங்காலில் தெளித்திருந்தார். மறுநாள் காலையில் தண்ணீரை வடித்து, முளைக்குக் காற்றுப் பட்டதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். எங்கள் மண்ணைக் காயவிட்டால் உப்புப் பூத்துவிடும். முறை இருக்கிறதே என்ற தைரியத்தில் வடித்தார்.

தண்ணீர் வரவில்லை. வெயில் ஏறியதும் இருவரும் கரையோடு நடந்தோம். மேல்மடை ஊர்க்காரர்களின் வேலைதான் என்று அண்ணி வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். மதகடியில் குடைக்குக் கீழே, மடக்கு நாற்காலிகளில் தூண்டிலோடு நான்கு பேர். ஓட்டத்தில் மிதவை நிற்கவில்லையாம். கரையில் கிடந்த மதகுப் பலகைகளை இறக்கி, இடுக்குகளில் சேறு அப்பி வாய்க்காலையே அடைத்திருந்தார்கள்.

அண்ணி நாற்றங்காலைப் பற்றிச் சொன்னார். ஒருவர் கேமராவை அவர் முகத்துக்குத் திருப்பினார். இன்னொருவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“கொஞ்ச நேரம் பொறுங்கக்கா. நாங்க மீனைக் கொல்றதில்ல. பிடிச்சு, போட்டோ எடுத்துட்டு, திரும்ப விட்டுடுவோம்.”

“திங்காத மீனுக்கா என் தண்ணிய மறிச்சீங்க?”

அண்ணி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கினேன். பலகைகளைப் பிடுங்கினோம். ஆனால் தண்ணீர் வந்து சேர்ந்தபோது எங்கள் முறை முடியும் நேரம். வந்தது பாதத்தை நனைக்கவும் போதவில்லை. அந்த வாரத்துக்குள் நாற்றங்காலில் பாதி வெள்ளை பூத்து, முளை கருகிப்போனது. அவர்களுடைய வீடியோவில் அண்ணி இருக்கிறார், ‘உள்ளூர்த் தொல்லை’ என்ற தலைப்பில். கீழே சிரிப்புப் பொம்மைகள்.

அடுத்த ஞாயிறும் வந்தார்கள். கரையில் பலகைகள் இல்லை. எடுத்தது யார் என்று விசாரித்துக்கொண்டு அண்ணியிடமே வந்து நின்றார்கள். அண்ணி கருகிய பாதியில் மறுபடி விதைக்கச் சேறு மிதித்துக்கொண்டிருந்தார்.

“என் மாட்டுக் கொட்டகையில இருக்கு தம்பி. இந்த விதையாவது முளைக்கட்டும். அப்புறம் கேளுங்க.”

நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.