ஊற்றாத தண்ணீரில் பூத்த ஐரிஸ்

செழித்து நிற்கும் ஒரு பூச்செடியைப் பார்த்து, இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் என்றைக்காவது கேட்டதுண்டா? காஜாக்காவின் செடிகளைப் பார்த்துப் பார்த்து வியந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

சட்டை தைக்கும் ஆலையில் பட்டனுக்குக் காஜா, அதாவது துளை, போடும் மெஷின் அவளுடையது. அதனால் வந்த பெயர் காஜாக்கா. லாரியோடு போன புருஷன் போன இடத்திலேயே வேறு குடும்பமாகிவிட்டான். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒற்றை அறை. அதில் அவளும் மகளும். மகளுக்கு இளைப்பு. அவள் படுக்கும் கட்டிலை ஒட்டிய பின்சுவரில் கோடையிலும் ஈரம் காயாது. சுண்ணாம்பு அடித்தால் உப்பி உதிரும். பூஞ்சணம் மறுபடி எட்டிப் பார்க்கும். கட்டிலை நகர்த்தலாமென்றால், அறை கட்டிலைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

சுவருக்கு வெளிப்பக்கம் சொதசொதவென்று ஒரு துண்டு நிலம். எங்கேயோ குழாய் ஒழுகுகிறது என்று பராமரிப்பு அதிகாரியிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. அவர் பதில் எப்போதும் ஒன்றுதான். குடியிருப்பில் அவருக்குப் பெயரே 'பார்க்கலாம் சார்'.

நர்சரியில் வேலை பார்க்கும் நாத்தனார் ஒருநாள் சேறு படிந்த கிழங்குகளோடு வந்தாள்.

"இதை அங்க வச்சுப் பாருங்க அண்ணி. ஐரிஸ். தண்ணியிலயே காலை வச்சுக்கிட்டு நிக்கும். அந்த ஈரத்தையெல்லாம் இதுவே குடிச்சிடும்."

முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி ஆசை. ஒரு செடி எவ்வளவு குடிக்கும், ஓட்டைக் குழாய் எவ்வளவு கக்கும் என்று யோசித்திருந்தால் காஜாக்காவுக்கே விளங்கியிருக்கும். ஆனால் மற்ற கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு, ஏன் இதை நம்பினாய் என்று அவளைக் கேட்க யாருக்கு யோக்கியதை இருக்கிறது? கிழங்கின் முதுகு வெளியே தெரியும்படி சேற்றில் அழுத்தி வைத்தாள். வாள் வாளாக இலை எழும்பியது. புதர் பெருத்ததும் கிழங்கைப் பிரித்துச் சுவர் நெடுக நட்டாள்.

பூ வந்தபோது குடியிருப்பே திரண்டு வந்து பார்த்தது. கத்தரிக்காய்த் தோலைவிடக் கறுத்த ஊதா. ஒவ்வொரு இதழின் அடியிலும் மஞ்சளாக ஒரு கீற்று. துணியிலே ஓட்டை போட்டது போதாதென்று மண்ணிலும் போட ஆரம்பித்துவிட்டாள் என்று ஆலைப் பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். சில்லென்றிருக்கும். மகள் அதற்குள் படுத்துத் தூங்குவதை விட்டு, உட்கார்ந்தே தூங்கப் பழகியிருந்தாள்.

கடைசியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. இந்தச் சுவர் காயாமல் இந்த நெஞ்சு தேறாது என்றார் டாக்டர். காஜாக்கா வேலைக்குப் போகாமல் வாரிய அலுவலக வாசலிலேயே நின்றாள். வேறு வழியில்லாமல் வந்த பார்க்கலாம் சார், பூக்களைக் கண்டதும் நின்றுவிட்டார். செல்போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டார்.

"தினம் தண்ணி ஊத்தித் தோட்டம் போட்டா, சுவர் ஈரமாகாம என்னம்மா செய்யும்?"

"ஒரு சொட்டு ஊத்தினதில்ல சார்."

"ஊத்தாமலா இப்படிப் பூத்திருக்கு?"

அருமையான கேள்வி. அதையே விடாமல் பிடித்துக்கொண்டு போயிருந்தால் குழாயில் போய் முட்டியிருப்பார். அவரோ ஜீப்பில் போய் ஏறினார்.

மறுநாள் காலை, பூத்துக் குலுங்கிய புதர்களை அவளே தோண்டி எறிந்தாள். குழி தானாகவே நிரம்பியது. இன்னும் வெட்டினாள். துருப்பிடித்த குழாய் மூட்டு ஒன்று நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்தது. சேற்றுக் காலோடு, மண்வெட்டியோடு, அலுவலகத்துக்கு ஓடினாள். வருஷக்கணக்கில் இழுத்தடித்த மனுஷன் அன்றைக்கு மட்டும் உடனே வந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார்.

"வெட்டிக் குழாயை உடைச்சது நீதானா?"

பூ இருந்தபோது தண்ணீர் ஊற்றியவள். பூ போனபின் குழாயை உடைத்தவள். வாரியச் சொத்தைச் சேதப்படுத்தினாள் என்று வீட்டைக் காலி செய்ய உத்தரவு வந்தது. ஆட்கள் வந்தார்கள், மூட்டில் துணியைச் சுற்றினார்கள், மண்ணைத் தள்ளி மூடினார்கள், போனார்கள். எறிந்த கிழங்குகளை அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்றாகப் பொறுக்கிப்போய் நட்டுக்கொண்டார்கள். சாட்சி சொல்ல வாங்க என்று அவள் கூப்பிட்டபோது, ஒருவருக்கும் நேரமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மகள் ஜன்னல் வழியாக அந்த வெறும் மண்ணைப் பார்த்தாள்.

"பூவையாவது விட்டிருக்கலாம்மா."

காஜாக்கா போக இடமில்லாமல் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சுவரும் காயவில்லை.

யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில் ஒரு செடி தளதளவென்று நிற்பதை நீங்களும் பார்ப்பீர்கள். படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்துச் சுவரில் கையை வையுங்கள். ஈரம் தட்டினால் அந்தக் கதவைத் தட்டுங்கள். உள்ளே இருப்பவளோடு அலுவலகம் வரை நடந்துபோய், கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். அவள் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் போங்கள்.