‘வெட்டு’ என்று சொல்லக் கூடாத வயல்

சனிக்கிழமை, பகல் 12.40. யாங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் சந்தை முனையில் பேருந்துக்கு நின்றோம். உடன் வந்தவர் ராஜூ. என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். யாங்கூனில் பிறந்து வளர்ந்து, அங்கேயே செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். ஒரு திருமணத்துக்காக வந்த என்னை ஒரு வாரமாகப் பகோடா பகோடாவாக அழைத்துப் போய் அவரும் களைத்திருந்தார், நானும் களைத்திருந்தேன். கியாக்தான் பக்கம் குதிரை மேல் போய், நாய்களை விட்டுக் காட்டுப்பன்றி பிடிக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் அவர் வாயை விட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டேன்.

“தங்கம் பாத்தது போதும் மச்சான், பன்னியக் காட்டுங்க” என்றேன்.

என் ஆசைக்குக் காரணம் உண்டு. எனக்கு ஊர் வேடசந்தூர்ப் பக்கம். பன்றிக்குப் பயந்து நிலக்கடலை போடுவதை விட்டு நான்கு வருடமாகிறது. வேலியில் பழைய சேலை கட்டிப் பார்த்தேன், வெடி போட்டுப் பார்த்தேன். அந்தச் சேலையைப் பன்றிகள் உடுத்திக்கொள்ளாததுதான் பாக்கி. வனத்துறைக்கு மனு எழுதி எழுதி என் கையெழுத்து அழகாகிவிட்டது. குதிரையும் நாயும் கொண்டு பன்றியை எப்படி மறிக்கிறார்கள் என்று பார்த்தே தீர வேண்டும் என்றிருந்தது.

பேருந்துக்கு ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு சாட். பகோ ஆற்றின் மேல் தன்லியின் பாலத்தைத் தாண்டியதும் நகரம் சட்டென்று முடிந்து, இரு பக்கமும் அறுத்த வயல்களும் இடையிடையே ரப்பர் தோட்டங்களும் வந்தன. பக்கத்து இருக்கையில் முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய ஓர் அம்மாள் என்னைப் பற்றி ராஜூவிடம் பர்மியில் நீளமாக விசாரித்தார். பன்றி பார்க்கப் போகிறேன் என்று தெரிந்ததும், இந்தியாவில் பன்றி கிடையாதா என்று கேட்டாராம். எக்கச்சக்கமாக இருக்கிறது, அதனால்தான் வந்தேன் என்று சொல்லச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

பிற்பகல் 2.50. கியாக்தான். ஆற்றின் நடுவே தீவில் நிற்கும் பகோடாவைப் பார்க்க எல்லாரும் படகுத்துறைப் பக்கம் நடக்க, நாங்கள் குதிரை வண்டிப் பக்கம் போனோம். ராஜூ சொல்லிவைத்தபடி அங்கே காத்திருந்தவர் ஊ அந்தோணி, பர்மாத் தமிழர். ‘ஊ’ என்பது இங்கே பெரியவர்களுக்குப் போடும் மரியாதை. பெண்கள் என்றால் ‘டோ’. அந்தோணிக்கு அறுபது வயதிருக்கும், இறுகிய உடம்பு. அவரிடம் இரண்டு மட்டக்குதிரைகள் உண்டு. நாள் முழுக்க வண்டி இழுக்கும். பன்றி வந்ததென்று எந்த வயலில் இருந்தாவது ஆள் வந்தால், வண்டியைக் கழற்றிவிட்டு முதுகில் சாக்கைப் போட்டு ஏறிவிடுவாராம்.

“குதிரை ஏறுவீங்களா?” என்று கேட்டார்.

“கொடைக்கானல் ஏரிக்கரைல ஒரு தடவை ஏறியிருக்கேன்.”

“போதும். உங்களுக்கு ஒண்ணும் வேலை இல்ல. குதிரை மேல உக்காந்து ரப்பர் தோட்டத்தை மறைச்சுக்கிட்டு நின்னாச் சரி. பன்னிக்கு நீங்க யாருன்னு தெரியாதில்ல?”

மாலை 4.15. நான்கு மைல் வண்டிப் பாதை போய், டோ கமலாவின் வீடு. வயலுக்குச் சொந்தக்காரர் இவர்தான். கணவர் இல்லை, இரண்டு மகன்களும் தாய்லாந்தில். வீட்டுப் பின்புறம் நின்று கையை நீட்டிக் காட்டினார். கண்ணுக்கெட்டிய மட்டும் அறுத்த தாள், நடுவே இவருடைய இரண்டு ஏக்கர் மட்டும் பொன்னாக விளைந்து நின்றது.

“எல்லாரும் அறுத்தாச்சு. எனக்கு ஆள் கிடைக்கல. இளவட்டப் பிள்ளைங்க யாரு இருக்கா இங்க? பத்து மைல் சுத்தி இருக்கிற பன்னிக்கெல்லாம் இப்ப என் வயலு ஒண்ணுதான் சாப்பாட்டுக் கடை.”

“எத்தனை நாளா வருதுங்க அக்கா?”

“ஆறு நாளா. இன்னும் ஒரு வாரம் போனா எனக்கு வைக்கோல்தான் மிஞ்சும் தம்பி. வருஷம் பூரா சாப்பாடு இதுலதான்.”

அவர் அழவில்லை. கோபமாகத்தான் சொன்னார். வயலைச் சுற்றி மூங்கில் நட்டு, கயிறு கட்டி, பழைய லுங்கிகளையும் தகர டப்பாக்களையும் தொங்கவிட்டிருந்தார். என் சேலை வேலிக்குக் கடல் தாண்டி ஓர் உடன்பிறப்பு!

அந்தோணி திட்டத்தைச் சொன்னார். துப்பாக்கி கூடாது, ஈட்டிதான். விடியும் நேரத்தில் பன்றி வயிறு நிறைந்து ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பும். வயலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே அரை மைல் வெட்டவெளி. மனிதக் கால் வரப்புகளில் தடுக்கும், பன்றியோடு ஓட முடியாது. குதிரை முந்திப் போய் வழியை அடைக்கும், நாய்கள் பிடித்து நிறுத்தும். ஒன்றே ஒன்றுதான் முக்கியம். பன்றி தானாக வெளியே வருகிறவரைக்கும் நாய்கள் வயலுக்குள் இறங்கக் கூடாது. நான்கு நாயும் ஒரு பன்றியும் விளைந்த நெல்லுக்குள் உருண்டால் ஆறு நாள் பன்றி தின்றதைவிட அதிகம் போய்விடும்.

“இன்னொண்ணு சொல்லிப்புடுறேன்” என்று என் பக்கம் திரும்பினார். “நாளைக்கு வயல்ல நின்னுக்கிட்டு ‘வெட்டு’ன்னு மட்டும் சொல்லப்படாது.”

“ஏன்?”

“பர்மாவுல ‘வெட்’டுன்னா பன்னி. நாய்ங்களுக்கு அதான் உத்தரவு. காதுல விழுந்துச்சோ, பாய்ஞ்சிரும். நாங்க இங்க எதையும் வெட்டறதே இல்ல. கயித்த அறு, மரத்த அறு, கறிய அறு. எல்லாம் அறுதான்.”

நாய்கள் அப்போது அங்கே இல்லை, அந்தோணியின் வீட்டில் கட்டிக் கிடந்தன. தலைமை நாயின் பெயர் மணி. பெயரில்தான் தமிழ். மற்றபடி பர்மிய நாய்தான், ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது. நான் சிரித்துக்கொண்டே “அறு, அறு” என்று இரண்டு முறை சொல்லிப் பழகினேன். ராஜூவும் சிரித்தார்.

ஞாயிறு, காலை 5.20. பனி கொட்டியது. அந்தோணி முன்னே, கையில் ஈட்டி. நான்கு நாய்களின் கயிறும் இடது கையில் ஒரே பிடியில். நான் பின்னே, சாக்கின் மேல், கயிற்று மிதிகளில் காலை மாட்டிக்கொண்டு. ராஜூ அரிவாளோடு என் குதிரைக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். டோ கமலா வீட்டுப் பின்புறத்தில் நின்றார். நாங்கள் வயல் ஓரமாகச் சுற்றித் தோட்டத்துப் பக்கம் போவதாக ஏற்பாடு.

5.55. கிழக்கு வெளுக்கும்போது வயலுக்குள் சலசலப்புக் கேட்டது. அந்தோணி கையை உயர்த்தினார். என் குதிரைக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை போலும். பக்கவாட்டில் இரண்டடி வைத்தது. வேலிக் கயிறு என் மிதியில் மாட்டிக்கொண்டது. குதிரை இழுக்க, டப்பாக்கள் எல்லாம் ஒரேயடியாக அலற, அது மிரண்டு முன்னங்காலைத் தூக்கியது. நான் பிடரி மயிரைப் பிடித்துத் தொங்கினேன். கீழே விழுந்தால் குளம்புக்கு அடியில்தான். உயிர் பயம் வந்தால் மனிதனுக்குப் பழகிய சொல்தான் வரும், பாடம் படித்த சொல் வராது.

“மச்சான், கயித்த வெட்டுங்க! வெட்டு! வெட்டு!”

ராஜூ ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்துவிட்டார். ஆனால் நான் மூன்று முறை சொல்லி முடித்திருந்தேன். நான்கு கயிறும் அந்தோணியின் கையைவிட்டுப் பறந்தன. நாய்கள் நேரே நெல்லுக்குள் பாய்ந்தன. எந்தப் பக்கம் பன்றி என்று தெரியாமல் குறுக்கும் நெடுக்கும் ஓடின. ஓடிய பக்கமெல்லாம் கதிர் படுத்தது. பிறகு மணி ஒரு குரல் கொடுத்தது. நான்கும் ஒரே இடத்தில் குவிந்தன. அந்த இடம் சுழன்று சுழன்று பெரிதாகிக்கொண்டே போனது. நான் குதிரை மேல் சும்மா உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

பன்றி வெளியே வந்தது. கறுத்த பெண் பன்றி, என் குதிரையின் வயிற்றளவு உயரம். என்னைச் சட்டை செய்யவே இல்லை. அந்தோணி சொன்னது பொய், நான் யாரென்று அதற்குத் தெரிந்திருந்தது. வெட்டவெளியில் வளைந்து ஓடியது. அந்தோணியின் மட்டக்குதிரை ஒவ்வொரு வரப்பாகத் தாண்டித் தாண்டி அதை முந்தி, தோட்டத்துக்கு இருநூறு கஜம் இருக்கையில் குறுக்கே நின்றது. பன்றி திரும்பிய கணத்தில் மணி காதைக் கவ்வியது, மற்றவை பின்னங்கால்களில் தொங்கின. அந்தோணி குதிரையை விட்டு இறங்கவே இல்லை. குனிந்து, முன்னங்கால் சப்பைக்குப் பின்னால் ஈட்டியை இறக்கினார். கடிகாரத்தைப் பார்த்தேன், 6.10. அந்த மனிதரின் கைவேலையை இன்னொரு நாளாக இருந்தால் வாய் பிளந்து பார்த்திருப்பேன்.

நான் இறங்கி டோ கமலாவிடம் நடந்தேன். அவர் வயலுக்குள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். ஏறத்தாழ அரை ஏக்கர் பாய் விரித்ததுபோல் கிடந்தது.

“அக்கா, தப்பு என்னுது. வாயில வந்திருச்சு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சாய்ந்த கதிர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

“இந்தப் பனியில ஒரு நாள் கிடந்தா முளைச்சிரும். இன்னைக்கே அறுக்கணும்.”

“ஆள்?”

அவர் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார்.

7.00. செய்தி பரவி, பங்குக் கறிக்கு ஊர் வந்துவிட்டது. வேட்டையாடிய பன்றியை அங்கே யாரும் தனியாக வைத்துக்கொள்வதில்லை. பாத்திரத்தோடு வந்தவருக்கெல்லாம் பங்கு உண்டு. கறியைப் பிரித்தவர் அந்தோணி, வாழை இலையில், ஆளுக்கு ஒரு வீசை, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். நம் ஊரில் எப்போதோ மறைந்த வீசை இங்கே இன்றைக்கும் சந்தைக்குச் சந்தை உயிரோடிருக்கிறது. என்னையும் ராஜூவையும் சேர்த்து எண்ணினேன், பதினேழு பேர். தமிழர் பாதி, பர்மியர் பாதி.

முதல் பங்குக்குக் கை நீண்டபோது டோ கமலா வந்து இலைகளுக்கு முன்னால் நின்றார். கூடை நிறையக் கதிர் அரிவாள்.

“கறி வேணுங்கிறவங்க முதல்ல அருவாளப் பிடிங்க” என்றார் தமிழில். பிறகு அதையே பர்மியில், இன்னும் உரக்கச் சொன்னார். கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். அவரிடம் கமலா, “பன்னி எதைத் தின்னு கொழுத்துச்சு? என் நெல்லத்தானே? அப்ப கறியும் என்னுது” என்றார்.

பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே எப்படித் திரும்பிப் போவது? முணுமுணுத்தவர்தான் முதலில் சிரித்தார். “யாதே, யாதே” என்றார், சரி சரி என்று. கமலா முதல் அரிவாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நீங்க இந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. உங்களுக்குப் பிடிச்ச சொல்லு இங்க செல்லாது தம்பி. அறுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மன்னித்துவிட்டார் என்று அப்போதுதான் மூச்சு வந்தது.

சாய்ந்ததை முதலில் அறுத்தோம். அது பத்தரை மணிக்கே முடிந்தது. அரிவாளைக் கீழே வைக்க யாருக்கும் மனம் வரவில்லையோ, வைத்தால் கமலா என்ன சொல்வாரோ என்ற பயமோ, நின்ற கதிருக்குள்ளும் இறங்கிவிட்டார்கள். அந்தோணியின் குதிரைகள் மறுபடி வண்டியில் பூட்டப்பட்டு, கட்டுகளைக் களத்துக்கு இழுத்தன. மாலை 5.10க்குக் கடைசிக் கட்டு கட்டியாயிற்று. என் உள்ளங்கையில் நான்கு கொப்புளம். குதிரை ஏறிய இடத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல். கறியைப் புளிச்சக் கீரையும் காய்ந்த மிளகாயும் போட்டு ஆக்கியிருந்தார்கள். நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

“ஆறு நாளா ஒவ்வொரு வீடா போய்க் கூப்பிட்டேன். ஒருத்தரும் வரல” என்றார் கமலா, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. “நாளைக்கு, நாளைக்குன்னாங்க. பன்னி வந்து கூப்பிட வேண்டியிருக்கு.”

திங்கள், காலை 6.40. கியாக்தானில் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வண்டி வருகிறவரைக்கும் வயலைப் பார்க்கலாம் என்று கமலாவோடு நடந்தேன். இரண்டு ஏக்கரும் மொட்டையாக, பனி படிந்து கிடந்தது. ஊரில் மற்ற வயல்களைப்போல் இதுவும் ஆகிவிட்டது. அவருக்கு நடையே மாறியிருந்தது.

வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணில் அவர் நின்றுவிட்டார். குளம்புத் தடங்கள். என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. தோட்டத்திலிருந்து வந்து, வயலுக்குள் அங்கும் இங்கும் அலைந்து, வந்த வழியே திரும்பியிருந்தன. மூன்று குட்டியோ, நான்கோ. பெரிய தடம் ஒன்றுகூட இல்லை. பன்றியின் மடியில் பால் இருந்தது கறி பிரித்த அந்தோணிக்குத் தெரிந்திருக்கும். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கமலா குந்தி உட்கார்ந்து ஒரு தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நெல்லத் தேடி வந்துச்சோ, தாயத் தேடி வந்துச்சோ. பாவம்.”

“என்ன செய்றது அக்கா?”

“என்னத்தச் செய்ய? அடுத்த அறுப்புக்கு இதுங்களே பெருசா வளந்து வந்து நிக்கும். நானும் விடமாட்டேன்.”

எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டார். வண்டிச் சத்தம் கேட்டது. அந்தத் தடங்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வரப்பில் ஏறினார். நானும் அப்படியே சுற்றித்தான் ஏறினேன்.