மீசை போன செவ்வாய்க்கிழமை

போன செவ்வாய்க்கிழமை என் அப்பா காலமாகிவிட்டார். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அப்படித்தான் பேச்சு. பத்தமடையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு மட்டும் விஷயம் தெரியாது.

பதற வேண்டாம். முதலிலிருந்து சொல்கிறேன்.

புதன்கிழமை காலையில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டிலேயே ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டார் ஆழ்வார்திருநகரியிலிருந்து வருகிறார்கள். பெண்ணின் அப்பா கொஞ்சம் பளபளப்பாக இருக்க வேண்டாமா? செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடியைப் பார்த்தபோதுதான் நான்கு நாள் தாடி கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை சலூன் லீவு என்பது கூடவே ஞாபகம் வந்தது. என் முகத்துக்கு நிரந்தரப் பொறுப்பாளரான இசக்கிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. லீவு நாளில் என் போனை எடுக்காத அளவுக்கு விவரமான மனிதர்.

சாதாரண ஆளாக இருந்தால் கடையில் ஒரு ரேசர் வாங்கி, இழுத்துவிட்டு, குளிக்கப் போயிருப்பான். நான் அப்படியா? காயல்பட்டினத்து நண்பர் துபாயிலிருந்து வரும்போது எனக்கென்று ஒரு சவரக்கத்தி கொண்டுவந்திருந்தார். பிளேடு மாற்றுகிற சமாசாரம் இல்லை. மடக்கி வைக்கிற அசல் கத்தி. ஒரு தடவை இதில் சவரம் செய்தால் கன்னம் குழந்தைக் கன்னம் மாதிரி ஆகிவிடும் என்று சொல்லியிருந்தார். அறுபது வயதில் எனக்கு எதற்குக் குழந்தைக் கன்னம் என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

செல்போனில் வீடியோ தேடினேன். ஒரு வெள்ளைக்காரர் பொறுமையாகப் பாடம் எடுத்தார். முதலில் முகத்துக்கு வெந்நீர்த் துண்டு. பிறகு பிரஷ்ஷால் நுரை. கத்தியைத் தோல் வாரில் முன்னும் பின்னும் இழுத்துத் தீட்டுதல். கன்னத்தை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, அழுத்தாமல், முடி வளர்ந்த திசையிலேயே இறக்குதல்... சவரம் ஒரு தியானம் என்றார். அவருக்கு நெஞ்சு வரை தாடி இருந்தது. சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும்!

தோல் வாருக்கு நான் எங்கே போவேன்? நிச்சயத்துக்கென்று வாங்கிய புது பெல்ட் இருந்தது. அதில் தீட்டினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — வலது கன்னம் அபாரம். கத்தி இறங்குகிற சத்தம்கூட சுகமாக இருந்தது. எரிச்சல் இல்லை, கீறல் இல்லை. தடவிப் பார்த்தால் என் கன்னம்தானா என்று எனக்கே சந்தேகம். இடது கன்னத்தில் கை கொஞ்சம் தடுமாறியது, சமாளித்துவிட்டேன். படிகாரத்தைத் தடவிவிட்டு அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்த வாரப் பத்திக்கு வேறு விஷயம் தேடியிருப்பேன்.

நிறுத்தினேனா? மீசை ஓரத்தைக் கொஞ்சம் நேர் செய்யலாமே என்று தோன்றியது. கத்தியை உதட்டுக்கு மேலே வைத்த நேரம் பார்த்து, வெற்றிலை பாக்குக்குச் சொல்லியாச்சா என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள். முப்பது வருஷமாக மனைவி கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் ‘ம்’ சொல்வதுதான் என் வழக்கம். அன்றைக்கு மட்டும் திருந்திய மனிதனாகத் திரும்பிப் பார்த்தேன்.

பாதி மீசை வாஷ்பேசினில் கிடந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நல்ல கத்தி.

மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதையும் எடுத்தேன். இந்தப் பக்கத்தின் மேலே சிரிக்கிற என் படத்தைத் தயவுசெய்து நம்பாதீர்கள். அது பழைய நிலவரம்.

மீசைதானே போனால் போகட்டும் என்று வெளியூர் வாசகர்கள் நினைக்கலாம். எங்கள் பக்கத்தில் அப்பா போனால்தான் மகன் மொட்டை போட்டு மீசையை எடுப்பான். என் தலையில் பதினைந்து வருஷமாக ஒன்றும் கிடையாது. ஆக, என் அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஊருக்கு இருந்த ஒரே அத்தாட்சி என் மீசைதான். அதைத்தான் பெல்ட்டில் தீட்டிய கத்தியால் வழித்திருக்கிறேன்.

மனைவி வந்து பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மாமா நல்லாத்தான இருக்காவ?” என்றாள்.

மகள் என்னைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பூமாலைக்குச் சொல்லியிருந்ததை ஞாபகப்படுத்த மார்க்கெட்டுக்குப் போனேன். பூக்கடை அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டார். எண்பத்தாறு என்றேன். நல்ல வயதுதான் என்றார். கஷ்டப்படாமல் போனாரா என்று அடுத்த கேள்வி வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அப்பா பத்தமடையில் அக்கா வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார், இது கை தவறிப் போன மீசை என்று விளக்கினேன். கடைக்கு வந்தவர்களும் கேட்கும்படி விளக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெளங்குது அண்ணாச்சி. பொண்ணுக்குக் காரியம் நடக்கணும்லா... நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

ஒருத்தரிடமும் சொல்ல மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? நான் வீடு வந்து சேர்வதற்குள் தெருக்காரர்கள் இரண்டு பேர் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வந்து உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் ஆழ்வார்திருநகரியிலிருந்து சம்பந்தி போன் செய்தார். மிகவும் மரியாதையான மனிதர். அன்றைக்கும் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

“இது மறைக்க வேண்டிய விசயமா அண்ணாச்சி? துட்டி வீட்டுல நிச்சயம் நல்லதில்ல. கொஞ்ச நாள் போவட்டும். பொறவு பாப்போம்.”

கொஞ்ச நாள் போகட்டும் என்று தள்ளிவைத்த சம்பந்தங்களில் எத்தனை திரும்பி வந்திருக்கின்றன? கல்யாணத்துக்கு முன்னாலேயே பொய் சொன்ன குடும்பம் என்று பெயர் வாங்கிக்கொண்டு என் பிள்ளை எப்படி அந்த வீட்டுக்குப் போவாள்? அப்பா உயிரோடு இருக்கிறார் என்று அடித்துச் சொன்னேன். அப்படியானால் நாளைக்குப் பெரியவரை முன்னால் உட்கார வையுங்கள், கும்பிட்டுவிட்டுத் தட்டு மாற்றிக்கொள்வோம் என்றார்.

நியாயம்தான். ஆனால் அப்பாதான் முழங்கால் வலி, நிச்சயத்துக்கு வரவில்லை, கல்யாணத்துக்கு வருகிறேன் என்று போன வாரமே சொல்லிவிட்டாரே! அவர் வராவிட்டால் அவர் செத்தது உறுதி.

உடனே காரை எடுத்துக்கொண்டு பத்தமடைக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, அப்பா நாற்காலியில் இருக்கிறாரா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

இருந்தார். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். தலையைப் பார்த்தார். உதட்டுக்கு மேலே பார்த்தார். அங்கேயே பார்வை நின்றுவிட்டது.

“நான் எப்பலே போனேன்?”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தான் போன பிறகு மகன் எப்படி இருப்பான் என்று எந்த அப்பாவும் பார்த்ததில்லை. என் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கத்தி, பெல்ட், வெற்றிலை பாக்கு, பூக்கடை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, நாளைக்கு வராவிட்டால் பிள்ளை சம்பந்தம் போய்விடும் என்றேன்.

அப்பா கையை நீட்டி என் மேலுதட்டை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

“நல்லா வழவழன்னுதான் செரைச்சிருக்கே. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எடுக்கதுக்கு இப்ப ஒங்கிட்ட என்ன இருக்கு? பைய மொளைக்கட்டும். அதுவரைக்கும் நான் போவ முடியாதுல்லா.”

பிறகு அக்காவிடம் பட்டுக்கரை வேட்டியை எடுத்து வைக்கச் சொன்னார். முழங்கால் வலி என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை அப்பா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சம்பந்தி அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. பூக்கடை அண்ணாச்சி பரிகாரமாக ஒரு பெரிய ரோஜா மாலையோடு வந்து நின்றார். கழுத்துக்குத்தானே, படத்துக்கு இல்லையே வே என்று அப்பா கேட்டு, உறுதிப்படுத்திக்கொண்டு குனிந்தார். தட்டு மாற்றினார்கள். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், இரண்டு நாளில் முதல் தடவையாக.

நேற்று சலூனுக்குப் போனேன். இசக்கி என் மேலுதட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, மீசை சீக்கிரம் வளர ஒரு எண்ணெய் இருக்கிறது, தரட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.