அருமனைக் கிளையின் இரண்டு செயலாளர்கள்

1984 மார்ச் 11 — 9 பேர்
1989 ஜனவரி 1 — 46 பேர்
1997 ஆகஸ்ட் 17, மாலை 4 மணி — 61 பேர்
அதே நாள், மாலை 6 மணி — 38 பேர்
2006 ஜனவரி 1 — 27 பேர்
2016 ஜனவரி 1 — 19 பேர்
2025 ஜனவரி 1 — 14 பேர்
2025 பிப்ரவரி 9 — 14 அல்லது 37 அல்லது 28 பேர்

மக்கள் ஒருமைக் கட்சியின் அருமனைக் கிளையில் அந்தந்த நாளில் இருந்த உறுப்பினர் எண்ணிக்கை இது. எட்டு வரிகளையும் எழுதியவர் ஒருவரே, சுயம்புராஜ். முதல் ஏழு வரிகளை எழுத அவருக்கு வரிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எட்டாவது வரிக்கு ஐம்பது நாள் ஆனது. ‘அல்லது’ என்ற சொல் அந்தப் பதிவேட்டில் ஏறியது அப்போதுதான்.

சுயம்புராஜுக்கு வயது எழுபத்திரண்டு. ரப்பர் தோட்டத்தில் முப்பத்து நான்கு வருடம் பால் அளந்து எழுதும் வேலை பார்த்தவர். எவன் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறான் என்பதை ஆளின் முகத்தைப் பார்க்காமல் அளவுகோலைப் பார்த்துச் சொல்லுவார். தோட்டத்தில் அவரை யாருக்கும் பிடிக்காது. ஆனால் அவர் எழுதியதைத் திருத்து என்று எவனும் கேட்டதில்லை. வேலையில் சேர்ந்த சில வருடத்தில் கட்சியிலும் சேர்ந்தார். கிளையைத் தொடங்கிய ஒன்பது பேரில் ஒருவர். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் பதிவேடு அவர் கைக்கு வந்தது. அன்று செயலாளர் ஆனவர் கிளீட்டஸ், அருமனை சந்திப்பில் வாழைக்குலைக் கடை வைத்திருப்பவர். கிளீட்டஸ் பேசுவார், சுயம்புராஜ் எழுதுவார். பதின்மூன்று வருடம் அப்படித்தான் போனது.

பிறகு மேலே கட்சி இரண்டாக உடைந்தது. உடைத்தவர்களின் மாநாட்டுக்குக் கிளீட்டஸும் இருபத்திரண்டு பேரும் போய்விட்டு வந்தார்கள். தலைமையிடமிருந்து நீக்க உத்தரவு வந்தது. 1997 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, கிளை அலுவலகத்தில் அதைப் படித்துக் காட்ட வேண்டிய ஆள் துணைச் செயலாளர் சுயம்புராஜ். இருபத்து மூன்று பெயரையும் தகப்பன் பெயரோடு ஒன்றுவிடாமல் படித்தார். கிளீட்டஸ் சாவியையும் ரப்பர் முத்திரையையும் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். செப்டம்பர் 14-இல் தேர்தல் நடந்து சுயம்புராஜ் செயலாளர் ஆனார். அதற்குப் பின் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நானூறு மீட்டர் தூரம். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் சுயம்புராஜ் எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைப் பலகையைப் படித்துக்கொண்டே போவார்.

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, கட்சித் தலைவர் பேராசிரியர் முருகதாஸ் குழித்துறைக்கு வந்தார். ஆட்சியில் ஒருநாளும் உட்காராத கட்சி. ஆனாலும் திடல் நிறைந்துவிட்டது.

“நாட்டை ஒண்ணாக்கப் போறோம்னு ஊர் ஊராச் சொல்றோம். நம்ம கிளை அலுவலகத்துல ரெண்டு பேர் ஒரே பெஞ்சில உட்கார மாட்டேங்கிறாங்க. முதல்ல பெஞ்சைச் சரி பண்ணுவோம், அப்புறம் நாட்டைச் சரி பண்ணுவோம்!” என்றார் தலைவர்.

பிறகு தீர்மானம் வாசிக்கப்பட்டது. 1997 பிளவில் பிறப்பித்த நீக்க உத்தரவுகள் யாவும் பிறப்பித்த நாள் முதலே செல்லாதவை. நீக்கப்பட்டவர்கள் ஒருநாளும் கட்சியை விட்டுப் போகாதவர்களாகவே கருதப்படுவார்கள். அடுத்தது சீர்திருத்தம். ஒவ்வொரு கிளையும் உண்மையான உறுப்பினர் பட்டியலைச் செயலாளர் கையொப்பத்தோடு மார்ச் 31-க்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாத கிளை கலைக்கப்படும்.

சுயம்புராஜ் கைதட்டினார். கண் நிறைந்துகூட விட்டது. உண்மையான பட்டியலைக் கேட்கும் ஒரு தலைவரை நாற்பத்தோரு வருடத்தில் இப்போதுதான் பார்க்கிறார். பஸ் ஏறி, மேல்புறம் ஊரைத் தாண்டும்போதுதான் 1997 தேர்தலுக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பதிவேட்டை விரித்தார். மனைவி அன்னக்கிளி கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள்.

“என்ன, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கிய?”

“நீக்கினது செல்லாதுன்னா அன்னைக்குக் கிளையில அறுபத்தொரு பேரு. தேர்தலுக்கு மூணுல ரெண்டு பங்கு வரணும். நாப்பத்தொண்ணு. வந்தது முப்பத்து மூணு.”

“அதுக்கு?”

“நான் செயலாளரே இல்ல.”

அன்னக்கிளி டம்ளரை நகர்த்தி வைத்தாள். “பின்ன ஆரு?”

“கிளீட்டஸ்.”

“அவரு குலை வெட்டிட்டு இருக்காரு.”

“வெட்டட்டு. ஆனா இருபத்தேழு வருஷமா செயலாளர் அவருதான்.” சுயம்புராஜ் பக்கம் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. “இன்னொண்ணு. நான் செயலாளர் இல்லன்னா, நான் ஒப்புப் போட்டுச் சேத்த அஞ்சு பேரும் உறுப்பினர் இல்ல. அதுல நீயும் உண்டு. 1999 ஜூன் 6.”

“ஓஹோ! அப்ப இருபத்தஞ்சு வருஷமா போஸ்டருக்குப் பசை காய்ச்சினது ஆருக்கு? உங்க அம்மைக்கா?”

கேலி அவர் காதில் ஏறவில்லை. தலைவர் சொன்னது சரி என்றால் தன் இருபத்தேழு வருடமும் தப்பு. தன் இருபத்தேழு வருடமும் சரி என்றால் தலைவர் சொன்னது தப்பு. பட்டியலில் கையொப்பம் இட்டால் பொய். இடாவிட்டால் கிளை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரில் முட்டியது.

மறுநாள் மாவட்டச் செயலாளர் ஸ்ரீஜித்துக்குப் போன் செய்தார். முப்பத்து நான்கு வயது. எல்லாரையும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

“மாமா, இதுல என்ன கன்பியூஷன்? எல்லாரும் நூறு இருநூறுன்னு அனுப்பியாச்சு. நீங்களும் நூறுன்னு போட்டு ஒரு ஒப்புப் போடுங்க.”

“நூறு எங்க இருந்து மக்கா வந்தது?”

“ஒற்றுமையில இருந்து மாமா!” ஸ்ரீஜித் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

பிப்ரவரி 12-இல் சுயம்புராஜ் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினார். கேள்வி ஒன்றுதான்: அருமனைக் கிளையின் செயலாளர் யார்? 27-ஆம் தேதி பதில் வந்தது. தலைவர் கைகூப்பி நிற்கும் வண்ணப்படம். கீழே, ‘உங்கள் வாழ்த்துக்கு நன்றி.’ மார்ச் 1-இல் மறுபடி எழுதினார். 15-ஆம் தேதி வந்த பதிலில், அவருடைய மேலான ஆலோசனை சீர்திருத்தக் குழுவுக்கு அனுப்பப்பட்டிருப்பதாக இருந்தது. அவர் ஆலோசனை எதுவும் சொல்லியிருக்கவில்லை. இரண்டையும் துளையிட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டு, மூன்றாவது கடிதத்தை அன்றே அனுப்பினார்.

இதற்கிடையே இன்னொரு சிக்கல் முளைத்தது. பதினான்கோடு இருபத்து மூன்றைக் கூட்டினால் முப்பத்தேழு. ஆனால் இருபத்து மூன்று பேரும் உயிரோடு இல்லையே! பதிவேட்டில் இருப்பவர் இறந்தால் சிவப்பு மையில் கோடு போட்டுத் தேதி எழுதுவது அவர் வழக்கம். நீக்கப்பட்டவர்களின் சாவை அவர் எழுதவில்லை; அது தன் வேலை இல்லை என்று இருந்துவிட்டார். இப்போது அதுவும் தன் வேலையாகிவிட்டது.

வீடு வீடாகப் போய்க் கேட்கத் தொடங்கினார். நீக்கப்பட்டவர்களில் ஒருவரான சிலுவைதாசனின் மனைவி ஜெபகுமாரி, ரப்பர் ஷீட் உலர்த்திக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள். சுயம்புராஜ் தீர்மானத்தை விளக்கினார். சிலுவைதாசன் கடைசிவரை உறுப்பினராகவே இருந்திருக்கிறார், இறந்த தேதி வேண்டும் என்றார்.

“அப்படியா?” என்றாள் ஜெபகுமாரி. “உறுப்பினர் செத்தா கட்சிக்கொடி போத்துவியளே. இப்பக் கொண்டு வந்திருக்கியளா?”

கொடி சுயம்புராஜ் வீட்டு அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அவள் உள்ளே போய் இறப்புச் சான்றிதழை எடுத்து வந்து நீட்டினாள். 2017 டிசம்பர் 2. அவர் எழுதிக்கொண்டார். கடைசி 2 கோணிப்போனது.

மீதிப் பேரில் யார் யார் இறந்துவிட்டார்கள் என்று மொத்தமாகச் சொல்ல ஒரே ஆள்தான் இருந்தார். மார்ச் 18, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு, சுயம்புராஜ் மருந்துக்கடைப் பலகையைப் படிக்காமல் இந்தப் பக்கம் திரும்பினார். கிளீட்டஸ் செந்துளுவன் குலை ஒன்றைக் கயிற்றில் தூக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை.

“என்ன ஓய், வழி தப்பிட்டீரா?”

“ஒரு விவரம் கேக்கணும்.”

“இரியும். மட்டிப்பழம் வேணுமா? வேண்டாம், உம்ம வீட்டுக்காரி நேத்தே வாங்கிட்டுப் போயாச்சு.”

“அன்னக்கிளியா? இங்கயா?”

“இருபது வருஷமா இங்கதான். நீரு தின்னது எல்லாம் எனக்க பழம்தான் ஓய்.”

சுயம்புராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு தீர்மானத்தை முதலிலிருந்து சொன்னார். கிளீட்டஸ் கத்தியைத் துடைத்தபடி கேட்டார்.

“நான் திரும்பி வாறேன்னு எவன்கிட்டயும் பறயலையே.”

“நீங்க திரும்பி வரலை. போகவே இல்ல.”

“அப்ப நான் இப்பச் செயலாளரா?”

“ஆமா.”

“இருபத்தேழு வருஷமா ஒரு கூட்டமும் கூட்டேலையே. மூணு கூட்டம் கூட்டாத செயலாளரை நீக்கலாமுல்லா?”

“நீக்கலாம். விதி பதினாலு. ஆனா அதுக்குக் கூட்டம் கூட்டணும்.”

“ஆரு கூட்டணும்?”

“செயலாளர்.”

கிளீட்டஸ் சிரித்த சிரிப்பில் கயிற்றுக் குலை ஆடியது. ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுயம்புராஜ் சிரிக்கவில்லை.

“எனக்கு ஒண்ணும் பிடிபடல, கிளீட்டஸ். நான் அன்னைக்குப் படிச்சது தப்பா? உத்தரவு வந்தது. படிச்சேன்.”

கிளீட்டஸ் கத்தியைக் கீழே வைத்தார். “படிச்சது தப்பில்லலே சுயம்பு. எனக்க அப்பன் பேரையும் சேத்துப் படிச்சியே, அதுதான் சுட்டுது.”

‘லே’ என்று உரிமையோடு அவர் கூப்பிட்டு இருபத்தேழு வருடம் ஆகியிருந்தது. சுயம்புராஜ் குனிந்து பேனாவின் மூடியைக் கழற்றினார். அன்று கடையில் எட்டுச் சாவுகளின் தேதிகள் கிடைத்தன. கிளீட்டஸ் நினைவிலிருந்து சொன்னதில் மூன்று தப்பு; அதை மற்ற வீடுகளில் சரிபார்த்துத் திருத்தினார். இறந்தவர் மொத்தம் ஒன்பது. உயிரோடு இருப்பவர் இருபத்தெட்டு.

மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, செயலாளர் கிளீட்டஸ் கூட்டம் கூட்டினார். அதற்கு முன், சுயம்புராஜ் சேர்த்த ஐந்து பேரின் உறுப்பினர் படிவங்களில் புதிதாகக் கையொப்பம் இட்டார்; முதல் படிவம் அன்னக்கிளியுடையது. இருபத்தெட்டில் மூன்றில் இரண்டு பங்கு பத்தொன்பது. சரியாகப் பத்தொன்பது பேர் வந்தார்கள். சுயம்புராஜ் மூன்று முறை எண்ணினார். நீக்கியவர்களையும் நீக்கப்பட்டவர்களையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சுயம்புராஜ் ஒன்பது மரணங்களையும் படித்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அலமாரியிலிருந்த கொடியை மேசைமேல் விரித்திருந்தார். பிறகு, இனிச் சந்தேகம் இல்லாமல் இருக்க, செயலாளர் பதவிக்குப் புதிதாகத் தேர்தல். இரண்டு பெயர்கள்; கைதூக்கி வாக்கு.

சுயம்புராஜுக்கு ஒன்பது கைகள். அதில் ஒன்று அவருடையது, இன்னொன்று கிளீட்டஸுடையது. கிளீட்டஸுக்குப் பத்து. பத்தாவது கை அன்னக்கிளியுடையது.

சுயம்புராஜ் எண்ணிக்கொண்டே வந்து அந்தக் கையின் முன்னால் நின்றார்.

“என்ன பாக்குதிய? எண்ணுங்க,” என்றாள் அவள். “எனக்கு ஒப்புப் போட்டுத் தந்தது அவருதானே.”

அவர் பத்து என்று எழுதினார். வீட்டுக்கு நடக்கும்போது அன்னக்கிளி மெதுவாகச் சொன்னாள்: “நோட்டு உங்க கையிலதான் இருக்கும். அத ஒருத்தனும் பிடுங்க மாட்டான். திட்டு வாங்குத வேலைய மட்டும் அவரு பாக்கட்டு.” அவருக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. வராதது ஏன் என்று விளங்கவும் இல்லை. தோற்றோமா, தப்பித்தோமா என்பதே தெளிவாகவில்லை. மறுநாள் கிளீட்டஸ் கையொப்பத்தோடு பட்டியல் விரைவுத் தபாலில் போயிற்று. இருபத்தெட்டு பேர்.

அதன்பின் மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. ‘செயலாளர், அருமனைக் கிளை’ என்று மட்டும் முகவரி. தபால்காரர் வழக்கம்போல் சுயம்புராஜிடம் கொடுத்தார். அவர் உறையைப் பிரிக்காமல், வரவுக் கடிதப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு வாழைக்குலைக் கடைக்கு நடந்தார்.

கிளீட்டஸ் பிரித்துப் படித்தார். இரண்டாம் முறை உரக்கப் படித்தார். நீக்க உத்தரவுகளின் ரத்து, தீர்மானம் நிறைவேறிய நாளிலிருந்தே நடைமுறைக்கு வரும்; ‘பிறப்பித்த நாள் முதலே’ என்பது மேடைக்காகச் சேர்க்கப்பட்ட வாசகம்; அதற்கு முந்தைய கிளைத் தேர்தல்கள் யாவும் செல்லும்; திரு. சுயம்புராஜ் அவர்களே முறைப்படியான செயலாளர்.

“அப்ப நீ எப்பவுமே செயலாளர்தான்லே,” என்றார் கிளீட்டஸ். “நான் கூட்டின கூட்டம் செல்லாது. தேர்தலும் செல்லாது. பட்டியலும்...” கடிதத்தை நீட்டினார். “இந்தா. உனக்க இருபத்தேழு வருஷம்.”

சுயம்புராஜ் அதை வாங்கி மடித்தார். சேர்ந்து உட்கார்ந்த பத்தொன்பது பேரும், ஜெபகுமாரியின் கேள்வியும், மேசைமேல் விரித்த கொடியும் செல்லாமல் போகுமா என்று யாரிடம் எழுதிக் கேட்பது? இன்னொரு கடிதம் எழுதலாம். பதில் வேறுவிதமாக வரும்.

“பதிவேட்டுல ஏத்தணும்,” என்றார். “செயலாளர் அனுமதி வேணும்.”

கிளீட்டஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஆரு, நானா?”

“வேற ஆரு?”

“ஏத்து.”

கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து வரவுக் கடிதப் பதிவேட்டை விரித்தார். வரிசை எண் எழுதினார். அனுப்பியவர்: தலைமை அலுவலகம். அடுத்தது ‘பொருள்’, கடிதம் என்ன சொல்கிறது என்று எழுதும் கட்டம். நாற்பத்தோரு வருடத்தில் அவர் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. பேனா அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதைத் தாண்டி, கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்பினார். வந்த நாள்: 2025 ஏப்ரல் 16, புதன்கிழமை.