ருக்கிபென்னின் ஓர் அடி

ருக்கிபென் சோளத்தை நிழலில் பரப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வண்டுகள் தாமாக ஊர்ந்து வெளியேற வேண்டும். அதுவரை முறத்தைத் தொடமாட்டார். நாற்பது பேர் பசியோடு காத்திருப்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. "போறவங்க நிதானமாப் போகட்டுமே. நமக்குப் பசிச்சா அதுங்க என்ன பண்ணும்?"

மிண்டோலா ஆற்றங்கரையில் எங்கள் ஆசிரமத்துக்குச் சமைப்பவர் அவர். ஐம்பத்தெட்டு வயது, கட்டையான உடம்பு, முழங்கால்வரை தூக்கிச் செருகிய கதர்ச் சேலை. எழுதப் படிக்கத் தெரியாது. நான் அங்கே இருபத்தாறு வருடங்களாகக் கீதை வகுப்பு எடுக்கிறேன். குருட்சேத்திரம் வெளியே இல்லை, நம் மனத்துக்குள் ஆசையோடும் கோபத்தோடும் நடக்கும் போர் அது என்று ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து அவர் குரல் வந்தது: "மனசுக்குள்ள சண்டைன்னா அத்தனை குதிரை எதுக்கு, தன்சுக்பாய்?" வகுப்பே சிரித்தது. என் வகுப்பில் அதுவரை யாரும் சிரித்ததில்லை. எரிச்சல் அன்று தொடங்கியது.

இந்த ஹோலி கழிந்ததும், புகார் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், கமா என்பவனின் கள்ளச்சாராயக் கொட்டகைக்கு எதிரே சத்தியாக்கிரகம் தொடங்கினோம். தலைமை நான். பதினோரு நாள் வெயிலில் கைகூப்பி உட்கார்ந்தோம். கமா சிரித்தான். "நல்லா உக்காருங்க தன்சுக்பாய். வேடிக்கை பாக்க வர்றவனும் ஒரு கிளாஸ் குடிச்சிட்டுத்தான் போறான்."

பன்னிரண்டாம் நாள் காலை ரமீலா கொட்டகை வாசலில் குறுக்கே படுத்துவிட்டாள். அவள் புருஷன் அங்கே குடித்துச் செத்தவன். கமா அவள் கூந்தலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். தலை கல்லில் மோதியது. நான் கூப்பிய கையை எடுக்காமல், எல்லோரையும் ராமநாமம் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். அவன் இழுத்துக்கொண்டே இருந்தான். அங்கேயே ஓரமாக எங்களுக்காக மோர் கடைந்துகொண்டிருந்த ருக்கிபென் மத்தோடு எழுந்து போனார். ஓர் அடி. மணிக்கட்டு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் பிடி விட்டது. மத்து மறுபடி உயரவில்லை.

கமா போலீசுக்குப் போகவில்லை; சமையற்காரி அடித்தாள் என்று எப்படிச் சொல்வான்? மறுநாள் ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு கட்டையோடு வந்து நின்றார்கள். கொட்டகை மூடியது. பதினோரு நாள் உட்கார்ந்தது நான், பேர் அவருக்கு. தலையில் கட்டோடு ஆசிரமத்துக்கு வந்த ரமீலா என்னைத் தாண்டிப் போய் அவர் காலில் விழுந்தாள்.

அகிம்சை விதியை மீறியவரை நீக்க வேண்டும் என்று ஆசிரமக் குழுவுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். கொள்கை என்று எழுதினேன். அது பொறாமை என்பது எழுதும்போதே எனக்குத் தெரிந்தது.

குழுவின் முன்னால் அவர் எதையும் மறுக்கவில்லை.

"தப்புதான். எலும்பு ஒடிஞ்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு. ஆனா சும்மா இருந்திருந்தா அந்தப் பொண்ணு செத்திருப்பா. ரெண்டுல ஒரு பாவம் எனக்கு உண்டுன்னு ஆயிடுச்சு. இதையே சுமந்துக்கிறேன்."

குழு அவரை நீக்கவில்லை. யாரும் விதிக்காமலே ஐந்து நாள் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருந்தார். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. வருந்துவதற்கு அவரிடம் ஓர் அடி இருந்தது. நான் செய்யாமல் விட்டதற்கு எத்தனை நாள் பட்டினி கிடப்பது?

கமாவைச் சாப்பிட வரச்சொல்லி அவரே ஆளனுப்பினார். நேற்று மதியம் வலதுகையில் மாவுக்கட்டோடு வந்து பந்தியில் தலைகுனிந்து உட்கார்ந்தான். ரமீலாவும் அதே வரிசையில் இருந்தாள். ருக்கிபென் சோள ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, பருப்பில் ஊறவைத்து, அவன் இடதுகைக்கு எட்டும்படி நகர்த்தினார். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, அவனுக்கும் ரமீலாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.