பூசணத்துக்குச் சம்பந்தம் தேடிய இசபெல்

இசபெல் டீச்சரை நான் முதன்முதலில் பார்த்தபோது, எங்கள் எண்ணெய் ஆலைக் கிட்டங்கியில் முழங்காலிட்டு, நனைந்த கடலைப் புண்ணாக்கை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, காலில் நல்ல செருப்பு. அறுபத்திரண்டாம் வருஷம் அது. விருதுநகரில் புண்ணாக்கை உடைத்துச் சாக்கில் கட்டுவது என் வேலை.

"என்ன தாயி, பசிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. இந்த ஆரஞ்சுப் பூசணம் வேணும்."

"அதைத் தூக்கிப்போடத்தான் எனக்குக் கூலி. வேணுங்கிறத அள்ளிக்கிடுங்க."

உள்ளூர் வாத்தியார் மாணிக்கராஜ் மகள்தான். மதுரையில் ஒரு கல்லூரியில் செடி கொடிப் பாடம் நடத்தினாள். முப்பது வயதாகியும் கல்யாணம் இல்லை. ஊரெல்லாம் அதைப் பேசியது, அவள் மட்டும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே கிட்டங்கிக்கு வருவாள். ஒரு கையால் சேவு தின்பாள், மறு கையால் பூசணத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைப்பாள். கையைக் கழுவச் சொல்லி நான் திட்டாத வாரம் இல்லை.

"இதை வச்சு என்ன செய்யப் போறீக?"

"எந்தச் சத்து இருந்தா வளருது, எது இல்லாட்டி சாகுதுன்னு பார்க்கணும். அந்தக் கொணம் பிள்ளைகளுக்கு எப்படி இறங்குதுன்னும் பார்க்கணும்."

"பூசணத்துக்குப் பிள்ளையா!"

"ரெண்டு வகை இருக்குக்கா. பார்க்க ஒண்ணுபோலவே இருக்கும். வகை மாறிச் சேர்ந்தாத்தான் பிள்ளை."

கார்த்திகை மாதம் ஒருநாள் சாக்கின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். ஏழு குழாயில் வளர்த்தாளாம், ஏழும் ஒரே வகையாம். கிறிஸ்மஸ் லீவுக்குள் ஒரு சோடி சேராவிட்டால் ஆராய்ச்சியை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாக அவள் கல்லூரிப் பெரிய வாத்தியார் சொல்லிவிட்டாராம்.

"ஏழையும் எங்கன எடுத்தீக?"

"இந்தக் கிட்டங்கியிலதான். வேற ஆலைக்காரங்க உள்ள விடமாட்டேங்கிறாங்களே."

"அப்ப ஏழும் பங்காளிக. பங்காளிக்குள்ள எவனாவது பொண்ணெடுப்பானா? வெளியூர்ல பாருங்க."

முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

சாத்தூரில் லட்சுமிகாந்தம் முதலாளியின் ஆலைக்கு ஏற்கெனவே இரண்டு தடவை போயிருக்கிறாள். இரண்டு தடவையும் உள்ளதைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "எம் புண்ணாக்குல பூசணமா? உன்னை எவன் அனுப்புனான்?" என்று அவர் விரட்டிவிட்டார். உண்மை பேசினால் அப்படித்தான். மூன்றாம் தடவை நான் கூடப் போனேன். அவளுக்கு முக்காடு போட்டு, சங்கிலியை மறைத்து, கையில் பையைக் கொடுத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"மொதலாளி, தோட்டத்துக்கு உரம் போடக் கெட்டுப்போன புண்ணாக்கு இருக்கா?"

"எங்கிட்டக் கெட்டதே கெடையாது."

"சரி, அப்ப எதுத்தாப்புல பால்துரை மொதலாளிகிட்டப் போறேன். அங்கன அம்புட்டும் ஆரஞ்சாப் பூத்துக் கெடக்காம். உரத்துக்கு அதுதான் ஒசத்தி."

நான்கு எட்டுகூட வைத்திருக்கமாட்டேன்.

"ஏம்மா, நில்லு! அவன்கிட்ட இருக்கிறது எங்கிட்ட இல்லாமப் போயிருமா? பின்னால வா."

ஓடு ஒழுகும் மூலையில் அவரே சாக்குகளை இழுத்துத் தள்ளினார். மிளகாய்ப்பொடியைக் கொட்டி வைத்தமாதிரி பூத்துக் கிடந்தது.

"பாத்தியா! அவன்கிட்ட இம்புட்டு இருக்குமா?"

"மாதாவே!" என்றாள் டீச்சர், தன்னை மறந்து.

முதலாளி திரும்பினார். "யாரு இந்தப் பொண்ணு?"

"எங்க தெருப் பொண்ணு. அப்பப்ப இப்படித்தான் கத்தும். நீங்க அந்த மூட்டையத் தள்ளுங்க."

மூன்று இடத்தில் மூன்று கட்டி எடுத்தோம். பஸ்ஸில் ஏறியதும், ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்றாள்.

"பொய் சொன்னவ நானு. நீங்க எதுக்குப் போறீக?"

"சிரிப்பை அடக்கினேன்ல, அதுக்கு."

இரண்டு வாரம் கழித்து, வேலை நாளிலேயே வகுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். பூசணத்தின் நடுவே ஊசிமுனை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள்.

"ரெண்டு கட்டி ஒத்து வரலைக்கா. மூணாவது ஒத்து வந்திருச்சு!"

"மாசமா இருக்குன்னு சொல்லுங்க."

சத்தம் போட்டுச் சிரித்தாள். அப்புறம் அழுதாள். சாக்கில் மூக்கைச் சிந்தாதீர்கள் என்று அதட்டினேன். ஆராய்ச்சி அவளிடமே நின்றது.

ஆனால் அவளுக்கு உண்மை பேசாமல் இருப்புக்கொள்ளவில்லை. சாத்தூருக்குத் தனியே போய் லட்சுமிகாந்தத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, குழாயையும் காட்டியிருக்கிறாள். அவர் அதை வெகுநேரம் உருட்டிப் பார்த்தாராம்.

"இதுல எங்க ஆலையோடது ஆம்பிளையா, பொம்பிளையா?"

"இதுல அப்படிப் பிரிவு இல்லைங்க. எது வேணா தாயாகலாம்."

"அந்தக் கதையெல்லாம் வேண்டாம். சாத்தூர்தான் மாப்பிள்ளை வீடுன்னு எழுதிக்கிடுங்க. எழுதுனா எப்ப வேணாலும் வந்து எடுத்துக்கிடலாம்."

"எழுதினீகளா?" என்று கேட்டேன்.

"எழுதினேன்க்கா, பென்சில்ல" என்றாள்.